மூங்கிலடி கலந்துரையாடல் மன்றம்

ஒரு காட்டில் மூங்கில் நெல் உதிர்ந்த சத்தம், நின்று முப்பது வருஷம் ஆன பிறகும், ஒருத்தியின் காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த சருகின்மேல் தூறல் விழுவதுபோல, சரசரவென்று, நாலு நாள் ஓயாமல் உதிர்ந்தது. பிறகு அந்த மூங்கில் தோப்பு முழுவதும் பட்டுப்போனது. அதைக் கேட்டவள் செங்கமலம் என்கிற முள்ளம்பன்றி. அப்போது அவளுக்கு முள்கூட முற்றியிருக்கவில்லை.

அத்தனை வருஷம் சும்மா நின்ற மூங்கில் ஏன் பூத்தது? பூத்ததும் ஏன் செத்தது? அந்தச் சத்தத்தை வேறு யாராவது கேட்டார்களா? இதை யாரிடமாவது பேச வேண்டும் என்பதுதான் செங்கமலத்தின் ஆசை. கணவன் இருந்தவரை அவனிடம் பேசினாள். அவன் தூங்கிக்கொண்டே 'உம்' கொட்டுவான். அவன் போனபிறகு அந்த 'உம்'மும் இல்லை. அக்கம்பக்கத்தார் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள், பதில் வருமுன் போய்விடுவார்கள். முள்ளுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்?

ஒருநாள் துணிந்து மூன்று பேரைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நாவல் மரத்தடியில கூடுவோம். சும்மா பேசிக்கிட்டிருக்கலாம்."

"சும்மான்னா எப்படிம்மா?" என்றார் கீரி தணிகாசலம். எறும்பு வரிசைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். வளைந்த எதையும் அவரால் சகிக்க முடியாது. "தலைமை யாரு? முன்னிலை யாரு? அழைப்பிதழ் அடிக்க வேண்டாமா?"

"நாலு பேர்தானே அண்ணே?"

"நாலு பேருக்கு நாலு பதவி. என்ன குறைச்சல்?"

பாறை இடுக்கிலிருந்து உடும்பு மாசிலாமணி தலையை நீட்டினார். "சிறப்புரை நான். இப்பவே சொல்லிட்டேன்."

ஆமை பூங்காவனம் பெருமூச்சு விட்டாள். "என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கல. பரவாயில்ல. வரவேற்புரைகூடக் குடுக்காட்டி பரவாயில்ல."

வரவேற்புரை கொடுத்தார்கள். மிச்சமிருந்த நன்றியுரை செங்கமலத்துக்கு வந்தது.

மன்றத்துக்குப் பெயர் வைக்க மூன்று நாள் ஆனது. உறுப்பினர் படிவம் வந்தது, நாலு பிரதி. 'அங்க அடையாளம்' என்ற இடத்தில் செங்கமலம் 'முள்' என்று எழுதினாள். 'எது என்று குறிப்பிடவும்' என்று தணிகாசலம் திருப்பி அனுப்பினார். கைபேசியில் ஒரு குழுவும் தொடங்கினார். அதில் விடிந்தால் தாமரைப் படத்தோடு நாலு காலை வணக்கம். வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டதால் ஆமையும் வந்தாள். கரகரவென்று மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"தலைமை தாங்கும் வரிசைச் செம்மல் தணிகாசலம் அவர்களே! சிறப்புரை ஆற்றவிருக்கும் பாறைப் பேரொளி மாசிலாமணி அவர்களே! நன்றி நவிலவிருக்கும் செங்கமலம் அவர்களே! மற்றும் திரளாகக் கூடியிருக்கும்..."

எதிரே யாருமில்லை. மரத்தில் ஒரு காக்கை இருந்தது.

"...பெருமக்களே!"

காக்கை பறந்துவிட்டது.

ஆமை விளித்து முடிக்க ஐந்து மணி. பிறகு பொன்னாடை. தேக்கிலையில் செய்த பொன்னாடை கீரிக்கு வழுக்கியது, உடும்புக்கு நழுவியது, ஆமையின் ஓட்டில் நிற்கவே இல்லை. செங்கமலத்துக்குப் போர்த்தியதும் நூறு இடத்தில் குத்திக்கொண்டு கம்பீரமாக நின்றது. "பாருங்கய்யா, பொன்னாடைக்குன்னே பொறந்த உடம்பு!" என்றார் மாசிலாமணி. அப்படியே மைக்கையும் பிடித்துக்கொண்டார்.

பிடித்தது உடும்பு. விடுமா? முட்டை பொரிந்த நாள்முதல் தன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போனார். 'முடிக்கவும்' என்று தலைவர் சீட்டு அனுப்பினார். மாசிலாமணி அதை உரக்கப் படித்து, "தலைவரின் வாழ்த்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் செங்கமலத்துக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தது.

"பூங்காவனம் அக்காவுக்கு நன்றி, மாசிலாமணி அண்ணனுக்கு நன்றி, தணிகாசலம் அண்ணனுக்கு நன்றி. அப்புறம், அந்த மூங்கில்..."

"நிறுத்தும்மா!" தணிகாசலத்தின் வால் விறைத்தது. "தலைவர் பேரு மூணாவதா?"

"வயசு வரிசையில சொல்லியிருப்பாங்க, விடுங்க" என்றார் மாசிலாமணி.

"அப்போ நான் கிழவியா?" என்றாள் பூங்காவனம். அவளுக்கு நூற்றுப் பத்து வயது. ஆமையால் வேகமாக வெளிநடப்பு செய்ய முடியாது. ஆகவே தலையை இழுத்துக்கொண்டு உள்நடப்பு செய்தாள்.

"எல்லாத்துக்கும் காரணம் உங்க நீளமான பேச்சுய்யா!" என்று கீரி உடும்பின்மேல் பாய, மன்றம் அன்றே உடைந்தது. செங்கமலம் முதுகில் பொன்னாடையோடு தனியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காட்டில் மூன்று மன்றங்கள் இருந்தன. மூன்றுக்கும் தலைவர் உண்டு. கேட்க ஆள் இல்லை. தணிகாசலம் அவள் வாசலில் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"பார்வையாளரா ஒருத்தர் வேணும்மா. செவ்வாய்க்கிழமை."

செவ்வாய்க்கிழமை அவர் எழுந்து நின்று "செங்கமலம் அவர்களே!" என்றார். அவ்வளவுதான், விளிக்க வேறு ஆள் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க அன்னைக்கு மூங்கில்னு ஏதோ சொன்னீங்களே?"

அவள் சொன்னாள். அவர் இடையில் பேசவே இல்லை. வியாழக்கிழமை தன் மன்றத்தில் பூங்காவனம், "நானும் கேட்டேன்டி அந்தச் சத்தத்த. என் ஓட்டு மேலயே உதிர்ந்துச்சு" என்றாள். செங்கமலம் முள்ளெல்லாம் சிலிர்க்க அழுதாள், சிரித்தாள். சனிக்கிழமை மாசிலாமணி, "செத்தது கெடக்கட்டும், பூத்துச்சே, அதப் பாருங்க" என்றார்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. அடுத்த மழையில் மூவருக்கும் மனசு இளகியது. மறுபடி ஒன்றாகக் கூடலாம், முறையாக ஒரு அழைப்பிதழ் அடிக்கலாம் என்று பேச்சு எழுந்தது.

செங்கமலம் மறுநாள் காலையே கிளம்பிவிட்டாள். "மாசிலாமணி அண்ணன் உங்கள வெறும் முன்னிலையில போடணும்கிறாரு" என்று தணிகாசலத்திடம் வருத்தத்தோடு சொன்னாள். "சிறப்புரைக்கு அஞ்சு நிமிஷம் போதுமாம், தணிகாசலம் அண்ணன் சொல்றாரு" என்று மாசிலாமணியிடம் சொன்னாள். "உங்க வயசக் கேட்டாங்க அக்கா, நான் வாயே திறக்கல" என்று பூங்காவனத்திடம் சொன்னாள்.

தணிகாசலமும் மாசிலாமணியும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை.

நீதி: அண்டை வீட்டாரை நேசியுங்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் சேராமல் பார்த்துக்கொண்டு, தனித்தனியாக நேசியுங்கள்.