அக்காவின் புல்வெளியும் தேசிய லீக் 'பி' பிரிவும்

வீலர்மாட்,
1959 ஜூன், வியாழக்கிழமை.

லோசான் நகரில் நலமுடன் வாழும் மதிப்பிற்குரிய தமக்கையார் ஹுல்டா அவர்கள் சமூகத்திற்கு, வீலர்மாட் கால்பந்துக் கழகத்தின் தலைவரும் தங்கள் ஒரே தம்பியுமான மெல்கியோர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஒட்டீலியும், என் வலது முட்டியைத் தவிர, சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் பூனையின் சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்கு நிற்க இடம் இருக்குமா என்று தெரியவில்லை. அந்த வாக்கெடுப்பை நிறுத்திவிடு அக்கா. 'தாங்கள்', 'தங்கள்' எல்லாம் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. பயந்துபோய் இருக்கிறவனுக்கு மரியாதைத் தம்பி வேஷம் எத்தனை வரிக்குத்தான் தாங்கும்? ஆற்றங்கரைப் புல்வெளியை அப்பா உன் பெயருக்கு எழுதி வைத்தார். நீ பெரிய மனது பண்ணி எங்களை அதில் ஆட விட்டாய். இப்போது அது பந்துக்கா, பக்கத்துப் பண்ணைக்காரன் பிளாசியுஸின் மாடுகளுக்கா என்று ஊர்ப் பெண்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்கிறாய். மைதானம் இல்லாத கழகத்தை லீக்கில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். இந்த ஒரு வருஷம் நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் உன் இஷ்டம்.

போன கோடையில்தான் 'பி' பிரிவுக்கு ஏறினோம். ஊர் பிறந்ததிலிருந்து ஏறாத உயரம். அக்டோபர் வந்தது, பனிமூட்டமும் வந்தது. ஆரே ஆற்றிலிருந்து அது எழுந்து வருகிற அழகு உனக்கு மறந்திருக்காது. முதலில் கரை மரங்கள் போகும், பிறகு வேலி, பிறகு கோல் கம்பங்கள், கடைசியில் நம் கையே நமக்கு யாரோ தூரத்து உறவு மாதிரி தெரியும். அதற்குள் பதினோரு பேர் ஓடுவார்கள். ஒரு தோள் தெரியும், மறையும். பந்து உதைபடும் சத்தம் மட்டும் தூக்கத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்கும். பந்து எங்கே இருக்கிறது என்று நம் ஆட்களுக்குத் தெரியட்டுமே என்று நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ரசிகர்கள் எல்லோரும் மாட்டுமணியை எடுத்துக்கொண்டு எதிரணியின் கோலுக்குப் பின்னால் நின்று ஆட்டட்டும், மணி கேட்கிற பக்கம் உதைத்தால் போதும் என்றேன். பிரமாதம் என்றார்கள். நம் பால்காரன் ஸெவரின் பந்தோடு மணிச்சத்தத்தை நோக்கிப் பறந்தான். என்ன ஓட்டம்! யாரும் தடுக்கவில்லை. யாரும் இல்லை என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. வேலி திறந்து கிடந்ததும், அந்தப் பக்கம் பிளாசியுஸின் மாடுகள் கழுத்து மணியோடு மேய்ந்துகொண்டிருந்ததும் அந்தப் பனியில் யாருக்குத் தெரியும்? ஓங்கி ஒரு உதை. பனிக்குள்ளிருந்து "மா" என்று ஒரு குரல். திரும்பி வருவதற்குள் எதிரணி இரண்டு கோல் போட்டுவிட்டது. அந்த மாடு ஒரு வாரம் பால் கறக்கவில்லை என்று பிளாசியுஸ் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அது போகட்டும் என்றால், நவம்பரில் பாதி அணியை வருடாந்தர ராணுவப் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை மலையாக நடந்துவிட்டு, ஞாயிறு மதியம் சில மணி நேர அனுமதியில் ஓடி வருவார்கள். நம் கோல்கீப்பர் ஓட்மார், ரொட்டிக்கடைக்காரன், கம்பத்தில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கினான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் எழுப்ப யாருக்கும் மனசு வராது. எதிரணிக்காரனே மெதுவாகத்தான் பந்தை உருட்டி உள்ளே விட்டான்.

அப்புறம் தெற்கே டிசினோ பக்கம் போன ஆட்டம். கோத்தார்ட் சுரங்கத்துக்குள் ரயில் நுழைகிறவரை சாம்பல் நிறம், வெளியே வந்தால் வெயில். எங்கள் பையன்கள் சூரியனைப் பார்த்தே மாதக் கணக்காகியிருந்தது. ஏரிக்கரை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சுட்ட செஸ்ட்நட் கொட்டையைக் காகிதப் பொட்டலத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு நேரமாச்சு என்று நான் கத்தினேன். "கொஞ்சம் இருங்க தலைவரே, காது இன்னும் காயல" என்றான் ஸெவரின். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அப்புறம் ஏழு கோல் வாங்கினோம். ஒவ்வொரு கோலுக்கும் சிரித்தார்கள். திரும்பும்போது சுரங்கம் மறுபடி எங்களை விழுங்குகிறவரை ஜன்னலை விட்டு யாரும் நகரவில்லை. தோற்ற அணி அவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பி நான் பார்த்ததில்லை.

பிறகு பிப்ரவரி. அதைப் பற்றி எழுதாமல் தப்பிக்கலாம் என்றுதான் பார்த்தேன். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா என்று நாடு முழுக்க ஆண்களைக் கேட்டார்கள். உங்கள் லோசான் பக்கம் 'ஆம்' என்றார்கள். நாங்கள் கோயில் பூசை முடிந்து, போகிற போக்கில் 'வேண்டாம்' என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே சிங்கம் விடுதிக்கு வெள்ளை ஒயின் குடிக்கப் போய்விட்டோம். அணி முழுக்க அப்படித்தான், நானும்தான். ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டுமந்தையில் பின்னால் போகிற ஆட்டைக் கேட்டால் என்ன சொல்லும்? மதியம் சாப்பிடும்போது ஒட்டீலி, என்ன எழுதினீங்க என்று கேட்டாள். ஓட்டு ரகசியம் என்று சொல்லி சூப்பைக் குடித்தேன். அடுத்த வாரமே உன் தபால் அட்டை வந்துவிட்டது: 'நாட்டில் என் ஓட்டுக்கு இடமில்லை, சரி. என் புல்வெளியில் உங்கள் ஓட்டுக்கு இடமில்லை.' தபால்காரர் அதை எனக்கு முன்னால் ஊருக்கே படித்துக் காட்டிவிட்டார்.

ஆனாலும் நாங்கள் விழவில்லை அக்கா. கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளி எடுத்தால் பிழைக்கலாம் என்ற நிலை. வந்த அணிக்கும் அதே நிலை. அன்று பார்த்துத் தெற்கிலிருந்து அந்தச் சூடான மலைக்காற்று இறங்கியது. எல்லோருக்கும் மண்டையிடி. ஆனால் ஆல்ப்ஸ் மலைகள், கையை நீட்டினால் பனியைத் தொடலாம் என்பதுபோல் ஆற்றுக்கு அந்தப் பக்கமே வந்து நின்றன. இரண்டு அணியும் கோயில் ஊர்வலம் மாதிரி மெதுவாக நடந்தார்கள். நடுவர்கூட ஊதலை வாயில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கோல் போடவில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை. பந்து நடுவில் தனியாகக் கிடந்த ஒரு நிமிஷத்தில், இந்தப் புல், இந்தக் காற்று, இந்த மடையர்கள் எல்லோரும் எனக்கு எவ்வளவு வேண்டியவர்கள் என்று தோன்றியது. இதைத்தான் மாட்டுக்கு விட்டுவிடச் சொல்கிறாய்.

பெண்கள் மாட்டுக்குத்தான் போடுவார்கள், சந்தேகமே இல்லை. வருஷம் முழுக்கச் சேற்றுச் சட்டை துவைத்தவர்கள். பிப்ரவரியை மறக்காதவர்கள். பிளாசியுஸ் வேறு வீட்டுக்கு வீடு வெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கிறான். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. ஓட்மார் தன் நீலச் சட்டையைத் தானே துவைத்து, அதோடு மனைவியின் நல்ல பாவாடையையும் நீலமாக்கிவிட்டான். ஸெவரின் பாத்திரம் துடைக்கிறேன் என்று போய், கல்யாணப் பரிசாக வந்த சூப்புக் கிண்ணத்தை முடித்துவைத்தான். துவைக்கும் இடத்தில் பெண்கள் கூடிப் பேசுகிறார்கள், நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று ஒட்டீலியிடம் பதமாகக் கேட்டுப் பார்த்தேன், நீ எதுக்குப் போடுவ என்று.

"ஓட்டு ரகசியம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். "சூப்பைக் குடிங்க, ஆறிடும்."

அக்கா, உன் காலில் விழுகிறேன். தந்தி அடித்தாவது இதை நிறுத்து. இந்த மைதானம் போனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதற்கே எனக்கு அர்த்தம் இல்லை.

ஊரின் காவல் புனிதர் உர்சுஸ் உனக்கு நீண்ட ஆயுளையும், கீல்வாதம் அண்டாத குளிர்காலத்தையும், தம்பிமேல் கொஞ்சம் இரக்கத்தையும் அருளட்டும். ஒட்டீலி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பூனைக்கும்.

உன் கீழ்ப்படிந்த தம்பி,
மெல்கியோர் ஸ்டுடர்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு மாலை. உறையை ஒட்டிக் கையில் எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனவன், வழியில் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே நின்று, அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் போலிருக்கிறது; கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. பூசை முடிந்ததும் பெண்கள் மைதானத்தின் நடுவில் ஒரு பால் பாத்திரத்தை வைத்து அதில் சீட்டுப் போட்டார்கள். நாங்கள் எல்லோரும் வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். எண்ணி முடித்து ஓட்மாரின் மனைவிதான் அறிவித்தாள். புல்வெளி பந்துக்கே. மாட்டுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. எங்களால் நம்ப முடியவில்லை. அவளே விளக்கினாள்: "ஞாயித்துக்கிழமை மத்தியானமும் இவங்க வீட்டுலயே கெடந்தா யாரும்மா மேய்க்கிறது? மாட்டுக்கு வேற எடம் கெடைக்கும்." பெண்கள் சிரித்த சிரிப்பில் ஆறே குலுங்கியது. நாங்களும் சிரித்தோம், வேறு வழி?

வீட்டுக்கு வந்து, அந்த ஒரு ஓட்டு எந்தப் புண்ணியவதியோ, பிளாசியுஸின் வெண்ணெய் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று ஒட்டீலியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமையாவது நீங்க என்கூட இருப்பீங்கன்னு."

இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வெற்றியைக் கொண்டாட என்னைக் கூப்பிட ஸெவரின் வாசலில் வந்து நின்று, தலைவரே, தலைவரே என்று கத்தினான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தலைவர் வீட்டில் இல்லை என்று நானே சொல்லி அனுப்பினேன்.