அலைஞானியின் கவனக் கம்பி

அன்று முகூர்த்த நாளும் இல்லை, அமாவாசையும் இல்லை. ஆனால் அன்னூர் கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், நீட் எழுதப்போகும் மகனை இழுத்துக்கொண்டு வந்த தாய்மார்கள், மில் முதலாளிகள், காரமடையிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு முழுக் குடும்பம். எல்லாருக்கும் ஒரே வியாதி: உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. எல்லாருக்கும் ஒரே வைத்தியர்: டாக்டர் அலைஞானி. எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கவனம் சிதறிவிடுமாம்!

"உங்க கவனம் சிதறலைங்க. களவு போகுது!" என்றார் அலைஞானி மேடையில். "காத்துல ஒரு திருட்டு அலை சுத்துது. அது உங்க மண்டைக்குள்ள பூந்து அள்ளிட்டுப் போகுது."

கூட்டம் மண்டையைத் தடவிக்கொண்டது. பாதிப் பேர் ஒரு கையால் தடவிக்கொண்டே மறு கையால் செல்போன் பார்த்தார்கள்.

முன்வரிசையில் ராமுலு. கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். தக்காளி வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். அலைஞானியை மட்டும் அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

அவர் கவலை அவருக்கு. மகள் சைத்ரா இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பட்டறையிலேயே டிசைன் வேலை பார்க்கிறாள். ஈரோட்டு வியாபாரி ஒருவருக்குப் புது மாதிரி சோலார் பம்ப் வேண்டும். அதற்கான ட்ராயிங் மாதக்கணக்காக இழுத்துக்கொண்டே கிடந்தது.

மறுநாள் அலைஞானி பட்டறைக்கே எழுந்தருளினார். அலை பார்ப்பதற்கென்று நூலில் கட்டிய ஓர் ஈயக் குண்டை ஆட்டிக்கொண்டே வந்தவர், சைத்ராவின் நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஓட்டை இங்கதானுங்க. பொண்ணு ராசி வழியாத்தான் திருட்டு அலை பூருது. கவனக் கம்பி வெச்சுப் பாருங்க. அதுக்கும் அடங்கலைன்னா, அம்மணியப் பட்டறைக்குள்ள விடாதீங்க. ஊட்டுல உக்கார வெச்சு மாப்பிள்ளை தேடுங்க."

சைத்ராவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நைனா, இந்தாளு பேசறதையெல்லாம்..." என்று அப்பாவிடம் திரும்பினாள்.

"இரு கண்ணு. ஈரோட்டுக்காரர் வாரதுக்குள்ள ட்ராயிங் முடிஞ்சா சரி. இல்லாட்டி இவர் சொன்னபடியே செஞ்சுபோடலாம்."

வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு சைத்ரா சொன்னாள்: "சரிங்க நைனா. வெச்சுப் பார்த்துரலாம்."

கவனக் கம்பி என்பது முழ நீளப் பித்தளைக் குழாய். உள்ளே, திருட்டு அலையை விரட்ட நல்ல அலை ஏற்றிய செம்புக் கம்பி. மூடியைத் திறந்தால் அலை பறந்துவிடும் என்றார் அலைஞானி. வேறென்ன சொல்வார், பாவம்! கூடவே ஒரு சட்டம். சைத்ராவின் அறை வாசலில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது யாரும் உள்ளே போகக் கூடாது, கூப்பிடக் கூடாது, செல்போனும் உள்ளே ஆகாது. மீறினால் திருட்டு அலை மீறினவர் மண்டையில் ஏறிக்கொள்ளும்.

ராமுலு பட்ட பாடு இருக்கிறதே! பல்பு எரிந்ததுமே, வார்ப்பிரும்பு உதிரிகள் ஏற்றிவரும் காஸ்டிங் வண்டி கிளம்பிவிட்டதா என்று மகளிடம் கேட்கத் தோன்றியது. எழுந்தார். பல்பைப் பார்த்தார். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாவியைக் காணோம். "அம்மணி" என்று வாயெடுத்தவர் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். சாவி அவர் மேசை மேலேயே கிடந்தது. அடுத்து, யானைக்குட்டி குளிக்கிற வீடியோ ஒன்று வந்தது. அதை மகளுக்குக் காட்டாமல் எப்படி இருப்பது? இருந்தார். மனைவி பத்மாவதி மகளுக்குக் காபி கொண்டுவந்து, பல்பைப் பார்த்துப் பயந்து, அதை அவர் கையிலேயே திணித்துவிட்டுப் போனாள். தினமும் இதே கூத்துதான்.

ஈரோட்டுக்காரர் வருவதற்குள் ட்ராயிங் முடிந்தது. பார்த்தவர் அங்கேயே ஆர்டர் சொல்லிவிட்டார். ராமுலுவுக்குக் கண் கலங்கியது. மகளை நினைத்தா? கம்பியை நினைத்து!

அடுத்த கூட்டத்தில் கம்பிக்குச் சாட்சி சொல்ல மகளோடு அன்னூர் மேடை ஏறினார். குழாயைப் பட்டுத்துணியில் பொதிந்து கொண்டுபோயிருந்தார். அலைஞானி அதை வாங்கி நெற்றியில் வைத்தார். உடம்பு உதறியது.

"அடேங்கப்பா! என்ன வேகம்! இப்படி ஒரு அலைய நான் கண்டதில்லீங்க. கை சுடுது!"

மண்டபம் கைதட்டியது. சைத்ரா மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்க, உள்ள கம்பி இருக்குதுங்களா?"

"இருக்குதாவா? உசுரோட இருக்குதம்மா!"

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"என் தவத்து மேல சத்தியம்!"

சைத்ரா குழாயை வாங்கி மூடியைத் திருகினாள். "அய்யோ, அலை!" என்று அலைஞானி பாய்ந்தார். எதுவும் பறக்கவில்லை. குழாயிலிருந்து நழுவி விழுந்தது ஒரு துடைப்பக் குச்சி.

"கம்பிய வந்த அன்னிக்கே உருவிப்போட்டேனுங்க" என்றாள் சைத்ரா. "செம்புன்னு சொன்னீங்க. காந்தத்துல ஒட்டுது. பெயிண்டு அடிச்ச இரும்பு. இத்தனை நாளும் என் ரூமுல இருந்தது இந்தக் குச்சிதான்."

"அது... அலை... குச்சிக்கு மாறி..." என்று அலைஞானி இழுத்தார்.

"அப்ப எங்க ஊட்டுத் துடைப்பத்தையும் கொண்டாரட்டுங்களா? கை சுடுதான்னு பாருங்க!" என்று ஓர் அம்மாள் எழுந்தாள். மண்டபமே சிரித்தது. அலைஞானி பின்வாசலைத் தேடினார். அங்கே சமையல்காரர்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ராமுலு மட்டும் சிரிக்கவில்லை. "கம்பியே இல்லைன்னா ட்ராயிங் எப்படி கண்ணு முடிஞ்சுது?"

"நீங்க கூப்பிடலைங்க நைனா. அவ்வளவுதான்."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. எந்த அலையும் திருடவில்லை. "ஒரு நிமிசம் வா கண்ணு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு மகளின் பொழுதைத் தின்றது அவரேதான். தின்றதும் போதாமல், அவளையே வெளியே தள்ளப் பார்த்தாரே! மனுசர் மைக்கைக் கையில் வாங்கினார்.

"என்ர மகளை வேலை செய்ய விடாத திருடன் நாந்தானுங்க. உங்க ஊட்டுல யாருன்னு போய்ப் பாருங்க!"

போய்ப் பாருங்கள், மகாஜனங்களே. நிம்மதியாக வேலை செய்யக் கதவைச் சாத்தினால் போதும், அதற்குக் கை இருக்கிறது. கம்பி எதற்கு என்று கேட்கத்தான் புத்தி வேண்டும். அதை எந்த மண்டபத்திலும் விற்பதில்லை.