யெல்லேயின் கன்னமும் எட்டுப் பேர் படகும்

க்ரோனிங்கன்,
மே 14

அன்புத் தங்கை பாவ்கேவுக்கு,

அண்ணன் வீப்ரன் எழுதுவது. இங்கே நானும் என் மாடியில் குடியிருக்கும் நான்கு மாணவர்களும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் வலி இல்லாமல் நலமாயிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பொன்னுக்கு வீங்கி பரவுகிறதாமே, உன் மாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு விவரம் தெரியுமா என்று கேட்டிருந்தாய். விவரமா? உட்கார்ந்து படி.

போன மாதம் பொதுச் சுகாதாரம் படிக்கிற ரென்ஸ்கே என்ற பெண், தொற்றுத் தடுப்பைப் பற்றி மாணவர்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்று அறிய இருபது கேள்விகளோடு வந்தாள். நம் மாடியில் மருத்துவம் படிக்கும் யெல்லே இருபதுக்கு இருபது. எச்சிலில் பரவும், வீங்கினால் ஐந்து நாள் தனியாக இருக்க வேண்டும், எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பூரித்துப்போன அந்தப் பெண் படியிறங்கி முடிப்பதற்குள், அதே யெல்லே பரீட்சை தேறிய சந்தோஷத்தில் ஒரே பெரிய குவளையில் பீரை ஊற்றி, வீடு முழுக்க வாய் மாற்றி வாய் சுற்றவிட்டான். “ஏண்டா, இப்பத்தானே எச்சில்னு பாடம் நடத்தினே?” என்றேன். “அது கேள்விக்குப் பதில் மாமா, இது கொண்டாட்டம்!” என்கிறான்.

அதற்கு மூன்றாவது வாரம், படகுப் போட்டியன்று காலை, அவன் இடது கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில் இவன் ஒருவன். நல்ல வெயிலில் கம்பளித் துண்டைக் காதுவரை சுற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். “ஒரு வருஷமா இதுக்காக உழைச்சிருக்கேன் மாமா. நான் இல்லன்னா படகே இறங்காது. மத்த ஏழு பேரையும் எந்த மூஞ்சியோட பாப்பேன்?” “இந்த மூஞ்சியோட பாக்காதேன்னுதான்டா சொல்றேன்!” கேட்டால்தானே? ரென்ஸ்கேவுக்குப் போன் போட்டேன். நான் மூச்சு வாங்கிக் கால்வாய்க்குப் போய்ச் சேரும்போது, அவள் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

“யெல்லே! பத்தாவது கேள்விக்கு என்ன பதில் சொன்னே?”

“தனியா இருக்கணும்னு...”

“அப்ப இறங்கு!”

“யாருடி நீ? மூணு நிமிஷத்துல போட்டி!” என்று படகே சீறியது. அவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்க பயிற்சியாளர் ஹார்ம் வீட்ல மூணு வாரக் குழந்தை இருக்கு. அதுக்கு இன்னும் ஊசியே போடல.”

யெல்லே துண்டை அவிழ்த்தான். இறங்கிவிட்டான். படகும் கரையேறியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வழியெல்லாம் அழுதான். பத்தடி தள்ளி நடந்த எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. வேலையில் இருந்த காலத்தில் நான் காவல் பார்த்த கால்வாய்ப் பாலங்களைப் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் ஐந்து நாள் அறைவாசம். கதவடியில் பட்டாணி சூப்பு வைத்துவிட்டுப் போனது யார் என்கிறாய்? ரென்ஸ்கேதான். நான்காம் நாள் அந்த ஏழு பேரும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்கள். திட்ட வந்தார்கள் என்று நினைத்தேன். நடுவில் ஹார்ம் குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினார். “கன்னத்தக் காட்டுடா, ரெண்டு பேர்ல யாருக்குப் பெருசுன்னு பாப்போம்!” என்று அவர் கத்த, தெருவே சிரித்தது. மேலே இவன் மறுபடி அழுதான்.

என்ன இருந்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிற அளவுக்குப் பொறுப்பு இல்லை, பாவ்கே. பெரியவர்கள் நாம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன் அண்ணன்,
வீப்ரன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ரென்ஸ்கே வந்தாள். யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று அம்புக்குறி போட்டு வரைந்து வைத்திருக்கிறாள். ஏப்ரலில் எனக்குக் குளவி கொட்டிக் கன்னம் வீங்கியதே, அது குளவி இல்லையாம். வீட்டுக்காரர் என்ற மரியாதைக்கு அந்தக் குவளையில் முதல் மடக்கு குடித்தது நான். எல்லா அம்பும் என்னிடமிருந்துதான் கிளம்புகின்றன. அதே வாரம் உன் பிறந்தநாளுக்கு வந்து வழக்கம்போல் கன்னத்தில் ஆளுக்கு மூன்று முத்தம் கொடுத்ததையும் சொல்லித் தொலைத்தேன். உடனே உங்கள் ஊர் லேவார்டன் பக்கம் ஓர் அம்பு போட்டுவிட்டாள். உன் கன்னம் எப்படி இருக்கிறது?