இளையவனுக்குக் காது

"செத்துடுச்சா? எந்த எண்?"

"பதினேழு, ஐயா."

இயக்குநர் ஜுமாலியெவ் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம்மைத் தடுப்பூசிச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து நெறிமுறைக் குழு மதியம் வருகிறது. குழு தலையாட்டினால், வசந்தத்தில் மலை மந்தைகளுக்கெல்லாம் அதே ஊசிதான்.

"எழுதிடுவோம் ஐயா. ஏன் செத்துச்சுன்னு அறுத்துப் பாத்துடுவோம்," என்றான் துர்சுன்பேக். அப்பாவின் மந்தை முழுவதும் அம்மையில் போனதைப் பார்த்து ஆராய்ச்சிக்கு வந்தவன். இந்த ஊசிதான் அவனுக்கு எல்லாம்.

"விருந்தாளி வர்ற நேரத்துல பொணத்தைக் காட்டுவியா? பெரியவங்க சொன்னாக் கேளுடா. சந்தையில ஒண்ணு வாங்கு. பதினேழாம் எண் காதுப் பட்டையை அதுக்கு மாட்டு."

கேட்டான். அதை நினைத்துப் பிறகு எவ்வளவோ வருந்தினான். செத்த ஆட்டைப் புதைக்கச் சொல்லி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, சந்தைக்கு ஓடினான்.

வாங்கி வந்த ஆட்டின் முதுகில் பழைய சொந்தக்காரன் பூசிய சிவப்புச் சாயம். கழுவினார்கள். சாயம் போனது, ஆனால் அழுக்கு மந்தையில் அது ஒன்று மட்டும் பளிச்சென்று நின்றது. வேறு வழியில்லாமல் எல்லா ஆடுகளையும் கழுவினார்கள். குழு வந்தபோது மந்தையே தும்மிக்கொண்டிருந்தது.

"ஏன் இப்படித் தும்முது?" என்றார் குழுத் தலைவர் ஒஸ்மோனோவ்.

"மலைக்காத்து ஐயா. வாங்க, சாப்பாடு ஆறிடும்," என்றார் இயக்குநர்.

சமையற்கார ஜிபார் அக்கா கறியும் தட்டை நூடுல்ஸும் பரிமாறினாள். வழக்கப்படி ஆட்டுத் தலை குழுத் தலைவருக்கு. வழக்கப்படியே அவர் அதன் காதை அறுத்து, பந்தியில் இளையவனான துர்சுன்பேக்கிடம் நீட்டினார்.

"தின்னு தம்பி. பெரியவங்க சொன்னதைக் கேட்டு நடக்கணும், அதுக்குத்தான் காது."

காதில் பட்டை மாட்டிய துளை இருந்தது.

துர்சுன்பேக் காதைத் தட்டில் போட்டான். டிரைவர் புதைக்கவில்லையா?

"சாப்பிடாதீங்க ஐயா! இது நோயில செத்த ஆடு!" பதினேழு, பட்டை, சாயம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினான். "காலையிலேயே சொல்லியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

பந்தியில் எல்லோரும் தட்டைத் தள்ளி வைத்தார்கள். ஜிபார் அக்காதான் அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"வாயைக் கழுவுடா! செத்ததை நான் சமைப்பேனா? இவங்க ஒவ்வொரு தடவை வரும்போதும் இயக்குநர் ஐயா மந்தையிலேர்ந்துதான் கொழுத்ததா அறுக்கச் சொல்வார். அறுத்ததோட பட்டையைச் சந்தையில வாங்கின ஆட்டுக்கு மாட்டிடுவோம். காலையில செத்துச்சே, அதுவும் அப்படி வந்த சந்தை ஆடுதான். நீ ஊசி போட்டதுல கடைசியா மிஞ்சியிருந்த ஆடு, தம்பி, இப்ப பெரியவர் தட்டுல இருக்கு."