சபாநாயகர் வெட்டியது

"உள்ளே யாரு பேசறாங்க?" என்று கேட்டார் வாசலில் நின்ற போலீஸ்காரர்.

"என் வீட்டுக்காரர்."

"கூப்பிடுங்க."

"அவர் தவறிட்டாருங்க."

மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றலாமா என்று போலீஸ்காரர் யோசிப்பதற்குள், "பயங்கரவாதிகள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்" என்று உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் முழங்கியது. தொப்பி தலையிலேயே இருந்துவிட்டது.

அந்த அம்மாள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். கணவர் காலமெல்லாம் நாடாளுமன்ற உறுப்பினர். கட்சி அவருக்குக் கொடுத்த ஒரே தலைப்பு பயங்கரவாதம். வரி, சாலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கே குண்டு வெடித்தாலும் எழுந்து பேச வேண்டியவர் இவர். வீட்டிலோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவர் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், மகன் நாடாளுமன்ற ஒலிப்பதிவுப் பிரிவில் கெஞ்சிக் கூத்தாடி அப்பாவின் பேச்சுகளை இரவல் வாங்கி வந்திருந்தான்.

"அதுல அப்படி என்னம்மா கேக்கறீங்க?"

"என்னைப் பத்தி ஒரு வார்த்தை எங்கேயாவது சொல்லியிருப்பாரான்னுதான். அங்கேதானே வாழ்ந்தார். இங்கே தூங்கத்தானே வந்தார்."

போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சத்தத்தைக் குறைச்சு வைங்க. பக்கத்து வீட்டுல பயப்படறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குறைத்து வைத்தாள். மறுநாளும் அவரே வந்து நின்றார்.

"இப்ப என்னங்க?"

"சத்தமா கேட்டப்போ ஏதோ மேடைப்பேச்சுன்னு நினைச்சாங்களாம். இப்ப குசுகுசுன்னு கேக்குதாம். சதித்திட்டமோன்னு சந்தேகப்படறாங்க."

மகன் ஹெட்போன் வாங்கி வந்தான். அதை மாட்டிக்கொண்டால் வெளியே ஒன்றும் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் அவர் எப்போதாவது வாய் திறந்து, இவள் பதில் சொல்லாமல் இருந்த காலமே கிடையாது. காதை அடைத்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் குரலின் அளவும் தெரியாது. "எத்தனை கிலோ வெடிமருந்து?" என்றும், "தப்பிச்சவன் எல்லையைத் தாண்டிட்டானா?" என்றும் அவள் அக்கறையோடு விசாரித்தது தெருமுனை வரை போயிற்று. இந்தத் தடவை பெரிய அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கினார்.

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு மகன் கணினி முன்னால் உட்கார்ந்தான். பேச்சுகளில் இருந்த குண்டு, துப்பாக்கி, எல்லை, சதி எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு, மிச்சத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே" என்றார் அப்பா. பிறகு ஒரு இருமல். பிறகு "நன்றி."

"எத்தனை வருஷப் பேச்சுடா. எங்கே மத்ததெல்லாம்?"

"பயங்கரவாதத்தை எடுத்துட்டா அப்பா இவ்வளவுதான்ம்மா."

அந்த இருமலை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். குளிர்காலத்தில் அது பக்கத்து அறையிலிருந்து கேட்கும். இவள் எழுந்து போய் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். இனி யாருக்கு வைப்பது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. மகன் தன் கண்ணை அவள் பார்த்துவிடாமல் இருக்க, முழுப் பேச்சுகளின் ஒலிக்கோடுகள் விரிந்திருந்த திரையையே உற்றுப் பார்த்தான். அப்படிப் பார்த்ததில்தான் அடுத்த வினை வந்தது.

"அம்மா, எந்தப் பேச்சை எடுத்தாலும் குண்டு வெடிச்சதைச் சொன்ன கையோட கொஞ்ச நேரம் ஊமையா இருக்கு. அவைக்குறிப்புல பார்த்தா, சபாநாயகர் வெட்டச் சொல்லியிருக்கார்."

"எதையெல்லாம் வெட்டுவாங்க?"

மகன் தயங்கினான். "சபையில சொல்லக்கூடாததை. கெட்ட வார்த்தை, அந்த மாதிரி."

"உங்கப்பாவா?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னை ஒரு நாள்கூட 'சீ' என்று சொல்லாத மனுஷன், ஊரே கேட்கிற இடத்தில் தடவைக்குத் தடவை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். கோபம் வந்தது. அதைவிடப் பொறாமை வந்தது. தன்னைத் திட்டக்கூட அவருக்கு நேரம் இருந்ததில்லை.

"எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடு. கேட்டது போதும்."

மறுநாள் வாங்கிப்போக வந்தவர், சபையின் ஒலிப்பதிவு அறையிலேயே தலை நரைத்த ஊழியர். பேச்சுப் பதிவுகள் இருந்த பெட்டியைக் கையில் கொடுத்த பிறகும் அம்மாளுக்குக் கதவைச் சாத்த மனம் வரவில்லை.

"சபாநாயகர் சொன்னா வெட்டறது நீங்கதானா?"

"ஆமாம்மா. அதுதான் என் வேலை."

"வெட்கத்தை விட்டுக் கேக்கறேன். இவர் அவ்வளவு அசிங்கமாவா பேசினார்?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அசிங்கமா? 'எங்கே குண்டு வெடிச்சாலும் எனக்கு முதல்ல வீட்டுல தனியா இருக்கிற என் வீட்டுக்காரி ஞாபகம்தான் வருது'ன்னு ஒவ்வொரு தடவையும் ஆரம்பிச்சுடுவார், விஷயத்துக்குச் சம்பந்தமில்லாததை வெட்டுன்னு சபாநாயகரும் சொல்லிடுவார்ம்மா."