லாரியைத் தவிர எல்லோரும் நலம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது. இவ்விடம் லாரியைத் தவிர எல்லோரும் நலம். அவ்விடம் தாங்களும் ஏழு மாத வயிற்றோடு இருக்கும் பாப்பாவும் நலமென்று நம்புகிறேன். அவளைக் கனமான எதையும் தூக்க விடாதீர்கள். தூக்காதே என்றால்தான் தூக்குவாள், என் மகளை எனக்குத் தெரியாதா.

நிற்க. போன வாரம் வண்டியை இங்கே பட்டறையில் விட்டுவிட்டு, "மாமா, இன்ஜின் ஆயிலும் ஆயில் பில்டரும் மட்டும் மாத்தி வைங்க. வியாழக்கிழமை பாப்பாவோட வந்து, உங்க வீட்டுல கிடக்குற சாமானை ஏத்திக்கிட்டு மலை தாண்டிப் போயிடுறோம். கடையில வண்டி மாடலைச் சொன்னாப் போதும்" என்றீர்கள். சொன்னால் போதுமாம்! முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராகக் குப்பை கொட்டியவன் நான். மூன்று கடை ஏறி இறங்காமல் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. முதல் கடைக்காரர் பளபளவென்று ஒரு டப்பாவை நீட்டினார். கார் படம் போட்டிருந்தது, லாரிக்கு எப்படி ஆகும் என்று கேட்டதற்கு, எல்லாம் ஆயில்தானே சார் என்றார். இரண்டாவது கடைக்காரர், "ஐயோ சார், டீசல் வண்டி கரியைக் கக்கும், அந்தக் கரியைத் தாங்குற ஆயிலாப் பாத்து ஊத்தணும். இதுல பதினைஞ்சு, நாப்பதுன்னு போட்டிருக்கு பாருங்க. முன்னது குளிர்ல எப்படி ஓடும்னு, பின்னது சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு. உங்க வண்டிக்கு இதேதான்" என்று பாடமே எடுத்தார். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஆள் எதையோ மறைக்கிறார் என்று மூன்றாவது கடைக்குப் போனேன். அவரும் வார்த்தை பிசகாமல் அதையே சொன்னார். பதினைந்து லிட்டர் வாங்கினேன். ஆயில் சங்கதி அத்தோடு முடிந்தது.

பில்டர்தான் வம்பு. கடைக்கு ஒன்றாக மூன்று வாங்கிக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பட்டறைக்குப் போனேன். மூன்றும் ஒட்டுப் பிரிக்காத அட்டைப் பெட்டி. மெக்கானிக் முதல் பெட்டியைப் பிரித்தான். உள்ளே தகர பில்டர், வாயில் கறுப்பு ரப்பர் வளையம், எல்லாம் சரி. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்ததை என் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். இரண்டாவதைப் பிரித்தால், அதே கோணல் எழுத்தில் ‘இதுவும் வேண்டாம்’. மூன்றாவதில் வார்த்தை இல்லை. 412318 என்ற எண் மட்டும்.

மெக்கானிக் பில்டரை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "சார், இது பெரியவர் எழுத்து சார்" என்றான். உங்களுக்கு முன்னால் இருபது வருஷம் இந்த வண்டியை வைத்திருந்து போன வருஷம் காலமானாரே, அவர். புது பில்டர் மாட்டும்போதெல்லாம், எத்தனையாவது கிலோமீட்டரில் கழற்ற வேண்டும் என்று வெள்ளைப் பெயின்டில் எழுதிவிட்டுத்தான் மாட்டுவாராம். கடைசியாக அவர் மாட்டிய பில்டர் இன்னும் வண்டியில்தான் இருந்தது. குனிந்து பார்த்தோம்: 412290. மேலே ஏறி மீட்டரைப் பார்த்தோம். அதிலும் 412290.

செத்தவர்கள் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை, மாப்பிள்ளை. ஆனால் ஒரு முறை வேண்டாமா? அன்புள்ள என்று இல்லை, காரணம் இல்லை, கையெழுத்து இல்லை. எண்ணைக் கிறுக்கிவிட்டுப் போனால் பெறுகிறவன் என்ன செய்வான்? என் ஆபீஸாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"பத்தாயிரம் ஓட வேண்டிய பில்டரை இருபத்தெட்டுல கழட்டச் சொல்றாரே சார், இருபத்தெட்டுல என்ன இருக்கு?" என்றான் மெக்கானிக். கேட்ட வாயோடு அவனே ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். இங்கிருந்து இருபத்தெட்டாவது கிலோமீட்டர், மலை இறக்கத்தின் முதல் வளைவு.

எனக்கு இருப்பது ஒரே மகள். அந்த எண் வரும்போது அவள் அந்த வண்டியில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் ஆபீஸ் புத்தியில் ஒரு வேலை செய்தேன்: எண்ணை இங்கேயே வரவழைத்துக் காலாவதியாக்கிவிடுவது! எண் எழுதிய பில்டரை மாட்டி, ஆயிலை ஊற்றி, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் வண்டியைச் சுற்ற விட்டோம். சுற்றுக்குக் கால் கிலோமீட்டர், ஆக நூற்றுப் பன்னிரண்டு சுற்று. மெக்கானிக் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டேன். எதிரே காக்கை ஒன்று சுவரில் உட்கார்ந்து நூறு சுற்று வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் அதுவும் பார்க்க விரும்பவில்லை, பறந்துவிட்டது. கடைசிச் சுற்றில், "நீ இறங்குப்பா, உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியாதே சார்!" என்றான். "உக்காரத் தெரியுமில்ல?" என்றேன். முதல் கியரில் வண்டி நடைவேகத்தில் தானாக ஊர்ந்தது. சாவியைத் திருப்பினால் நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அவன் குதித்தான். நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். மீட்டரில் ஏழு மெல்ல மேலே போய் எட்டு வந்து உட்கார்ந்தது. உடனே சிவப்பு விளக்கு எரிந்தது, ஏதோ கத்தியது. சாவியைத் திருப்பினேன்.

இறங்கிப் பார்த்தால் பதினைந்து லிட்டரும் தரையில்! காலை வைத்ததுதான் தெரியும், வழுக்கி மல்லாக்க விழுந்து, பின்மண்டை இரும்புப் படியில் டங்கென்று மோதியது. ஆச்சரியம் பாருங்கள், துளி வலி இல்லை. எழுந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. மெக்கானிக் ஓடிவந்தான், என்னைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய் வண்டிக்கடியில் உட்கார்ந்து, "பழைய ரப்பரைப் பாக்காம விட்டுட்டேனே சார்" என்று தலையில் அடித்துக்கொண்டான். விஷயம் இதுதான். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேலேயே புதியதை மாட்டிவிட்டான். இரண்டு ரப்பரும் இருபத்தெட்டு கிலோமீட்டர் தாக்குப்பிடித்துவிட்டுப் பிதுங்கிவிட்டன. சாமானோடும் பாப்பாவோடும் இறக்கத்தில் இது நடந்திருந்தால்! பெரியவரைப் பற்றி மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். "பரவாயில்லைப்பா, எல்லாருக்கும் வர்ற தப்புதான்" என்று மெக்கானிக்கிடம் நாலு தடவை சொன்னேன். ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதற்குள் கூட்டம் சேர்ந்து எதையோ தூக்கிக்கொண்டு போனார்கள். என்னவென்று கேட்டால் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. மரியாதை என்பதே போய்விட்டது, மாப்பிள்ளை.

இப்போது பட்டறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் டீ வந்தது, எனக்கு வரவில்லை. தோளில் அழுக்குத்துணி போட்ட வயதான ஒருவர் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காருங்க சார். எழுதாதீங்க, நிக்காது" என்றார். கடிதத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இருந்தாலும் நல்ல மனுஷன். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. மாட்டுவதற்குப் புது பில்டர் ஒன்று என் எதிரில் இருக்கிறது. நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், எழுத்து எதுவும் இல்லை. ஆகவே தைரியமாக வாருங்கள். பாப்பாவுக்கு என் ஆசிகள். பிறக்கப்போவது யாராக இருந்தாலும் சொன்ன பேச்சு கேட்காது, வம்சம் அப்படி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தில் என்றும் குறையாத அக்கறையுள்ள
மாமா

பின்குறிப்பு: முதல் பத்தியில் ‘லாரியைத் தவிர எல்லோரும் நலம்’ என்றிருப்பதை ‘லாரி மட்டும் நலம்’ என்று திருத்தி வாசிக்கவும். நானே திருத்தலாம் என்று மேலே பார்த்தேன். காகிதத்தில் ஒன்றுமே இல்லை. நாலு பக்கமும் வெறும் வெள்ளை. "நான்தான் சொன்னேனே சார்" என்றார் பக்கத்திலிருந்தவர். "எனக்கும் எவ்வளவோ சொல்லணும்னுதான் இருந்துச்சு. தகரத்துல மட்டும்தான் நிக்குது." வெள்ளைப் பெயின்ட் பேனாவை என்னிடம் கொடுத்தார். பில்டரை எடுத்து ‘அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு’ என்று எழுதினேன். அதற்குள் எழுத்து பில்டரை ஒரு சுற்று சுற்றி முடித்து ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது. பெரியவர் சிரித்துக்கொண்டே அழுக்குத்துணியால் துடைத்துக் கொடுத்தார். வியாழக்கிழமை நீங்கள் வருகிற காரியம் வேறாகிவிட்டது, பாப்பாவை ரொம்ப அழ விடாதீர்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வண்டிக்கடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள், என் எழுத்து உங்களுக்குத் தெரியும். எண் எதுவும் போடவில்லை, பயப்பட வேண்டாம். இவ்வளவுக்குத்தான் இடம் இருந்தது: ‘பாப்பா கனம் தூக்க வேண்டாம். அப்பா.’