துண்டு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்

ஒகுதானி மலைக் கிராமம்,
காக்கிப்பழம் கனிந்து காக்காய் கொத்துகிற மாதம்.

நாகோயாவில் வசிக்கும் என் அன்புத் தம்பி யசுகிச்சிக்கு மூத்தவன் கான்ஜி எழுதிக்கொள்வது. இங்கே இலைகள் மலை உச்சியிலிருந்து சிவந்துகொண்டே இறங்கி, இப்போது நம் வீட்டுப் பின்பக்கம் வந்து நிற்கின்றன. என் முழங்கால் மழைக்கு முந்தின நாள் வலிக்கிறது, மற்ற நாளில் தன்னை மறந்து இருக்கிறது. நீயும் உன் சம்சாரம் ஹருயோவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது அப்படியே இருங்கள்.

மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். ஓபோன் பண்டிகைக்கு அப்பா அம்மா கல்லறையைக் கழுவ வந்தாயே, அப்போது தர்பூசணியைத் தின்றுகொண்டே, "அண்ணே, நீ தனியா இந்த மலையில கிடந்து என்ன பண்ணப்போறே, வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துரு, வாங்குறதுக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கேன், வந்து பார்ப்பாங்க" என்று சொன்னாய். நான் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, தலையைச் சாய்த்து, "அது கொஞ்சம்..." என்று இழுத்தேன். நம் ஊரில் அப்படி இழுத்தால் என் பிணத்தைத் தாண்டித்தான் என்று அர்த்தம். இத்தனை வருஷம் பட்டணத்தில் இருந்து உனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு. அண்ணன் சரி சொல்லிவிட்டான் என்று சந்தோஷமாக ரயில் ஏறிவிட்டாய். வீடு நம் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் அதில் படுத்து எழுந்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான். இங்கே நான் எழுந்து கதவைத் திறந்தால் திட்டுவதற்கு மலை இருக்கிறது. உன் ஒன்பதாவது மாடியில் நான் யாரைத் திட்டுவேன், லிஃப்டையா?

நீ போன கொஞ்ச நாளிலேயே கறுப்பாக ஒரு பெரிய வண்டி வந்து நம் வாசலில் நின்றது. வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தன் இறங்கி, கதவைத் திறந்துவிட்டு, குனிந்து நின்றான். பேர் ஹோரிகுச்சியாம். உள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரனும் அவன் பெண்டாட்டியும் இறங்கினார்கள். ஆள் நம் நிலைப்படியைவிட ஒரு தலை அதிகம், அந்தத் தலையை நிலைப்படியில் மோதிக்கொண்டுதான் உள்ளே வந்தான். "பெரியவரே, வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?" என்று ஹோரிகுச்சி கேட்டான். நீ அனுப்பின ஆட்கள்தான் என்று எனக்குப் பட்டது. வந்தவனை யார் என்று கேட்பது மரியாதை இல்லை அல்லவா, அதனால் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த ஒரு மரியாதையால்தான் இவ்வளவும் வந்தது. அந்த வெள்ளைக்காரன் தூணைத் தட்டிப் பார்க்கிறான், புகை படிந்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறான், தரைப் பாயைத் தடவி முகர்ந்து பார்க்கிறான், கடைசியில் கக்கூசுக்குள் போய் நாலு பக்கமும் படம் எடுக்கிறான். எதிர்வீட்டு இசோவை உனக்குத் தெரியுமே, புருஷன் போனபிறகு வாய் மட்டும் இரண்டு பேருக்கு வைத்திருக்கிறாள். முள்ளங்கியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே அங்கிருந்து கத்தினாள்.

"கான்ஜி அண்ணே, விலை பேச வந்திருக்காங்க போல. வாங்குற எண்ணம் இல்லாதவன் கக்கூசை எதுக்குப் படம் எடுக்கிறான்?"

"நீ முள்ளங்கியைப் பாரு."

"முள்ளங்கி எங்கேயும் போகாது. நீதான் போகப்போறே."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது அந்த அம்மா பையைத் திறந்து, மடித்த துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து என்னிடம் கொடுத்தாள். சிறகில்லாத ஒரு பறவை படம் போட்ட துண்டு. துண்டு கொடுப்பது யார்? புதிதாகக் குடிவருகிறவன், அக்கம்பக்கத்தாருக்கு. நான் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், அவள் நேரே தெருவைத் தாண்டிப்போய் இசோவுக்கும் ஒன்று கொடுத்தாள். வீட்டைப் பார்த்த அன்றைக்கே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். வீட்டுக்காரன் எனக்கே துண்டு என்றால் நான் இப்போது யார், பக்கத்து வீட்டுக்காரனா? அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

சரி, வீட்டின் பேரைக் கெடுப்பது என்று முடிவு பண்ணினேன். வேறு என்ன செய்ய, சொல்லு. அடுத்த வண்டி வந்தது, அதே ஹோரிகுச்சி, வேறு ஜோடி. என்னடா தம்பி ஒரு வீட்டை எத்தனை பேருக்குக் காட்டுகிறான் என்று வயிறு எரிந்தது. "இந்தக் காக்கி மரத்துப் பழத்தைத் தின்ன கரடி வரும். போன வருஷம் வாசல்வரைக்கும் வந்தது" என்று சொன்னேன். பொய்யில்லை, வந்தது. ஹோரிகுச்சி அதை அவர்கள் பாஷையில் சொன்னான். அலறிக்கொண்டு வண்டியில் ஏறுவார்கள் என்று பார்த்தால், நாற்காலி கேட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை கரடிக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. கரடிக்கும் என்மேல் என்ன கோபமோ. அவர்களுக்கு ரொம்ப ஏமாற்றம், ஆனாலும் அழகான துண்டாகப் பார்த்து இரண்டு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வண்டிக்கு, கூரை ஒழுகுகிறது என்று காட்ட நினைத்தேன். நம் தகரக் கூரை கல் மாதிரி இருக்கிறது, ஒழுகவே மாட்டேன் என்கிறது. வண்டி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டதும் கெட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அம்மா பட்டுப்பூச்சி வளர்த்தாளே அந்த மேல் அறைக்கு ஏறி, பலகை இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வந்து, கீழே ஒரு வாளியை வைத்தேன். வெளியே பளீரென்று வெயில். உள்ளே சொட்டுச் சொட்டென்று விழுகிறது. வந்தவர்கள் வாளியைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடி, சத்தத்தைக் கேட்டார்கள். ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிறுத்தினால் மரியாதை இல்லையே என்று நான் திரும்பவும் மேலே ஏறவேண்டியதாயிற்று. யசுகிச்சி, உன் அண்ணன் இந்த வயதில் கெட்டிலோடு ஏணி ஏறியது உன்னால்தான் என்று அப்போது உன்னை என்னென்னவோ திட்டினேன், இங்கே எழுதவில்லை.

கடைசி ஆயுதம் பேய். மேல் அறையில் ஒரு மருமகள் செத்துப்போய் இன்னும் பட்டுப்பூச்சிக்கு இலை போட்டுக்கொண்டிருக்கிறாள், ராத்திரி இலை தின்னுகிற சத்தம் கேட்கும் என்று கதை கட்டிவிட்டேன். அதன்பிறகு வாரத்துக்கு ஒரு வண்டி வந்ததுபோய், ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வர ஆரம்பித்தது. வந்ததும் வராததுமாகக் கையை மேலே காட்டி, காதில் கைவைத்துக் காட்டுகிறார்கள். நாலு பேர் அங்கே படுக்க இடம் கேட்டார்கள். பேய் இருக்கிறதென்றால் விலை ஏறுகிற காலமாக இருக்கிறதே என்று நினைத்தேன். துண்டு வேறு அலமாரியில் கதவு மூடாத அளவுக்குச் சேர்ந்துவிட்டது. இத்தனை குடும்பம் ஒரே வீட்டுக்கு எப்படிக் குடிவரும், சமைக்க ஒரு அடுப்புதானே இருக்கிறது என்று நான் படுக்கையில் புரண்டு புரண்டு கணக்குப் போட்டதுண்டு.

பொறுக்கமுடியாமல் போன வாரம் ஹோரிகுச்சியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டே விட்டேன்.

"தம்பி, என்னை இழுத்தடிக்காம சொல்லு. எப்பதான் முடிவு பண்ணுவீங்க?"

"எதைப் பெரியவரே?"

"வீட்டை."

"எந்த வீட்டை?"

"நீ கூட்டிவர்றவங்க தினம் தலையை இடிச்சுக்கிற இந்த வீட்டை. யசுகிச்சிதானே உன்னை அனுப்பினான்?"

"யசுகிச்சின்னா யாரு?"

அவன் கையுறையைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னதைக் கேட்டு நான் கிணற்றுச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர்கள் யாரும் வீடு வாங்க வந்தவர்கள் இல்லையாம். டிரைவரோடு வண்டியை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பஸ் போகாத மலைக் கிராமங்களாகச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களாம்.

"சுத்திப் பார்க்க இங்கே என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லை பெரியவரே. அதைப் பார்க்கத்தான் வர்றாங்க."

"அது நிறைய இருக்கு."

"மொதல்ல சும்மாதான் நிறுத்தினேன். இப்போ உங்க வீட்டைக் காட்டலைன்னா சண்டைக்கு வர்றாங்க. அந்தத் தண்ணி சொட்டுறது இருக்கே, கோயிலைவிட அதுதான் நல்லாயிருந்துச்சுங்கிறாங்க."

"அப்போ துண்டு?"

"போற வீட்டுல கொடுக்க ஊர்லேருந்து என்ன கொண்டுவரட்டும்னு கேட்பாங்க. கனமில்லாம துண்டா இருக்கட்டும்னு நான்தான் சொல்லுவேன்."

இசோ முள்ளங்கிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டாவது வண்டியிலேயே தெரியுமாம்.

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லலை?"

"நீ கெட்டிலைத் தூக்கிக்கிட்டு ஓடுறதைப் பார்க்க நான் வேற எங்கே போவேன்? டிவியில இப்பல்லாம் ஒண்ணும் சரியாப் போடுறதில்லை."

ஆகையால் தம்பி, உன்மேல் நான் பட்ட கோபத்தை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ ஒருத்தரையும் அனுப்பவில்லை, நல்ல பிள்ளை. இனியும் அனுப்பாதே. கரடி, ஒழுகல், பேய் என்று இந்த வீட்டின் பேரை நான் பள்ளத்தாக்கு முழுக்க நாறடித்து வைத்திருக்கிறேன், நம் நாட்டுக்காரன் ஒருத்தனும் இனி வாங்க வரமாட்டான். நான் எங்கேயும் வரவில்லை. எனக்கு ஏணி ஏறுகிற வேலை இருக்கிறது. இந்தத் தடவை நான் காற்றை உறிஞ்சவில்லை, வாய்விட்டே சொல்கிறேன்: முடியாது.

ஹருயோவின் இருமல் இந்தக் குளிருக்கு முன்னால் விட்டு விலகட்டும். உனக்கு லிஃப்ட் நிற்காமல் ஓடட்டும். நம் முன்னோர்கள் உங்கள் இருவர்மேலும் ஒரு கண் வைத்திருப்பார்கள், இன்னொரு கண்ணை என்மேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதோடு நல்ல துண்டாகப் பத்து அனுப்புகிறேன், பாத்திரம் துடைக்கலாம்.

இப்படிக்கு,
உன் மூத்தவன் கான்ஜி

பின்குறிப்பு: தபால்காரன் வருவதற்காக இந்தக் கடிதத்தைக் கதவில் சொருகி வைத்திருந்தேன், அதற்குள் நேற்று ஒருத்தன் வந்தான். சின்ன வெள்ளை வண்டி, தானே ஓட்டிக்கொண்டு, நம் பாஷை பேசுகிறவன். இப்போது நம் ஆட்களும் சுற்றிப்பார்க்கக் கிளம்பிவிட்டார்கள் என்று தேநீர் கொடுத்து உட்காரவைத்தேன். கக்கூசைப் பார்த்தான், பார்க்கட்டும் என்று விட்டேன். "கூரை ஒழுகும்னு மலைக்குக் கீழே சொன்னாங்களே" என்று கேட்டான். "அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்குப்பா. நம்ம ஆளுங்கிறதாலே உனக்கு மட்டும் சொல்றேன்" என்று மேலே கூட்டிக்கொண்டு போய்க் கெட்டிலைக் காட்டினேன். கூரையில் ஒரு சொட்டு இறங்காது, தூண் இன்னும் இரண்டு தலைமுறை நிற்கும், கிணற்றுத் தண்ணீர் சர்க்கரை, பேய் நான் கட்டிவிட்டது, கரடிகூட இப்போது வருவதில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டான். போகும்போது எனக்கு ஒரு துண்டு, இசோவுக்கு ஒரு துண்டு. என்னுடையதைப் பார்க்காமலே குவியலில் போட்டேன். இசோதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். அவள் துண்டு வெள்ளைத் துண்டு, பறவை கிறவை இல்லை. சுற்றியிருந்த காகிதத்தில் அவன் பேர் அச்சடித்து, புதிதாகக் குடிவருகிறோம், தயவு காட்டவேண்டும் என்று போட்டிருந்தது. அதன் கீழே, வீட்டைப் பற்றிச் சொன்ன யசுகிச்சி ஐயாவுக்கு நன்றி என்று பேனாவால் எழுதியிருந்தான். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

யசுகிச்சி, இதைப் படித்ததும் அவனைக் கூப்பிட்டு, பேய் நிஜம் என்று சொல்லிவிடு. நம்பவில்லை என்றால் பனி விழுந்தபிறகு வந்து பார்க்கச் சொல். நான் மேலேதான் படுத்திருப்பேன்.